எபிடாரஸ் பார்த்தவர்கள் மெர்போக் பார்க்கவில்லை

மலேசியாவில் பத்து பாகாட் என்ற பெயருக்கு இரண்டு இடங்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. ஒன்று ஜொகூரில் நாம் குடியிருக்கும் ஊர். மினியாக் பெக்கு கடலோரத்தில் பாறையைக் குடைந்த ஒரு கிணறு இருக்கிறதே, அது 15ஆம் நூற்றாண்டில் மலாக்காவை அடிக்க வந்த சயாம் படை குடிநீருக்காக வெட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்னொன்று இங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வடக்கே, கெடா மாநிலத்தின் மெர்போக்கில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்னக் குன்று. புக்கிட் பத்து பாகாட் என்று பெயர். அதன் சரிவில், ஓடைக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கருங்கல் கோவிலின் அடித்தளம் வெயிலில் கிடக்கிறது.

நம் ஊரில் அதைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிரேக்கம் போய்வந்தவர்களைக் கேட்டால் உடனே வருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெற்றோர், திருமண நாளைக் கொண்டாடப் போன தம்பதிகள் என்று ஆண்டுதோறும் ஒரு கூட்டம் போய்வருகிறது. அக்ரோபோலிஸ், டெல்ஃபி, மெட்டியோரா, கடைசியில் சான்டோரினியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு படம். கைப்பேசியில் எல்லாருக்கும் ஒரே வரிசைதான்.

"டீச்சர், அங்கே பார்த்ததிலே எது உங்களுக்குப் பிடிச்சது?" என்று தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையைக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லட்டாப்பா? பகல்லே கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால்தான் வலிச்சுது. ராத்திரி எபிடாரஸ்லே நாடகம் பார்த்தோம் பாரு, அதுதான். ஒரு வார்த்தை புரியலே. ஆனா எழுந்து வர மனசே இல்லே."

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. கிரேக்கத்தில் பழைய கற்கள் இன்னும் வேலை செய்கின்றன. நம் நாட்டில் அவற்றுக்கு வேலை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கல்லுக்கு வேலை கொடுத்தவர்கள்

எபிடாரஸ் அரங்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அஸ்கிலிபியஸ் என்ற மருத்துவக் கடவுளின் தலம் அது. நோயாளிகள் அங்கே வந்து தங்குவார்கள், கனவில் கடவுள் வந்து வைத்தியம் சொல்வார் என்று நம்பினார்கள். நோயாளிகளும் உடன் வந்தவர்களும் பார்க்க நாடகம், இசை. மலைச்சரிவில் அரைவட்டமாக இறங்கும் சுண்ணாம்புக்கல் படிகளில் ஏறக்குறைய 14,000 பேர் உட்காரலாம். நடுவில் வட்டமான மண்தரை. வழிகாட்டிகள் அதன் மையத்தில் நின்று ஒரு தாளைக் கிழிப்பார்கள், அல்லது ஒரு நாணயத்தைப் போடுவார்கள். மேல்படியில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுத் தலையாட்டுவார்கள். சுற்றுலாக் கூட்டத்துக்கு இது ஒரு விளையாட்டு.

அரங்கு பல நூற்றாண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது. 1881இல் பனகிஸ் கவாடியாஸ் என்ற கிரேக்க ஆய்வாளர் தோண்டத் தொடங்கினார். தோண்டி எடுத்ததோடு விட்டிருந்தால் அதுவும் இன்னொரு வேலி போட்ட மைதானம் ஆகியிருக்கும். 1938இல் சோஃபக்ளிஸின் ‘எலக்ட்ரா’வை அங்கே மேடையேற்றினார்கள். 1950களில் அது ஆண்டு விழாவாகிவிட்டது. இப்போது கோடைக்கால வார இறுதிகளில் ஏதென்சிலிருந்து பேருந்துகள் புறப்படுகின்றன. இரண்டரை மணி நேரப் பயணம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உட்கார மெத்தைத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளூர்க் குடும்பங்கள் படியேறுவதைப் பார்த்தால் பெருநாள் கூட்டம் நினைவுக்கு வரும். இருட்டத் தொடங்கியதும் விளக்கு அணையும். சில்வண்டுச் சத்தம் அடங்காது. 2,400 ஆண்டுக்கு முந்தைய அம்மா மகள் சண்டையை இன்றைய கிரேக்க மொழியில் பேசுவார்கள். முன்வரிசையில் யாராவது ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கல்லைக் காப்பாற்றுவதில் கறாரும் உண்டு. குதிகால் உயர்ந்த காலணி போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்று 2009இல் தடை கொண்டுவந்தார்கள். கூர்மையான குதி கல்லைத் தின்றுவிடுமாம். நமக்கு இது புதிதில்லை. நாம் கோவில் வாசலிலேயே எல்லாக் காலணியையும் கழற்றிவிடுகிறவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தின் வடக்கே லங்காடாஸ், ஆயியா எலெனி போன்ற ஊர்களில் மே 21 அன்று தீமிதி நடக்கிறது. அனஸ்தெனாரியா என்று பெயர். கான்ஸ்டன்டைன், ஹெலன் என்ற இரு புனிதர்களின் படங்களைக் கையில் ஏந்தி, மேளமும் நரம்பு வாத்தியமும் ஒலிக்க, வெறுங்காலோடு தணலில் ஆடுவார்கள். கிழக்குத் திரேஸிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் கொண்டுவந்த வழக்கம் அது. நம் சுற்றுலாக் கூட்டங்களின் பட்டியலில் அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். திரௌபதி அம்மன் கோவில் தீமிதியில் பூக்குழி இறங்கியவர்களுக்கு அந்த ஆட்டத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கிரேக்கர்கள் நம்மை முன்பே பார்த்துவிட்டார்கள்

நாம் கிரேக்கத்தைத் தேடிப் போகிறோம். இதற்கு முன்பே கிரேக்க மொழியில் எழுதியவர்கள் நம் தீபகற்பத்தைத் தேடியிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் செங்கடலிலிருந்து இந்தியக் கரை வரையிலான துறைமுகங்களைப் பற்றி ‘எரித்ரேயக் கடல் வழிநூல்’ என்ற கையேட்டை எழுதினார். அதில் தமிழ்க் கடற்கரையின் மூன்று துறைகளைச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபத்மா. முதலாவது காவிரிப்பூம்பட்டினம், இரண்டாவது புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு, மூன்றாவது மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்தத் துறைகளில் நின்ற கப்பல்களில் மிகப் பெரியவை கொலாந்தியா என்ற வகையாம். கங்கைக்கும் ‘கிறிசே’ என்ற பொன்நாட்டுக்கும் போவது அவைதான் என்கிறார். கிறிசே என்றால் நம் பக்கம்.

அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, கிரேக்கத்தில் எழுதிய தன் புவியியல் நூலில் ‘தங்கத் தீபகற்பம்’ என்று ஒரு நிலத்தைக் குறித்து, அதன் துறைகளையும் ஆறுகளையும் அளவோடு பட்டியல் போட்டார். அவர் இங்கே வந்ததில்லை. மாலுமிகளும் வணிகர்களும் சொன்னதைக் கேட்டு எழுதினார். அதனால் ஒவ்வொரு பெயரும் இன்றைய எந்த ஊர் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. தீபகற்பம் மலாயாதான் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து.

ஜொகூருக்கும் இதில் ஒரு துணைக்கதை உண்டு. 1930களில் ஜெரால்டு கார்ட்னர் என்ற பிரிட்டிஷ் சுங்க அதிகாரி ஜொகூர் ஆற்றங்கரையில் மணிகளைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டெடுத்த கண்ணாடி மணிகளில் சில ரோமானியப் பேரரசிலிருந்து வந்தவை என்று 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் வந்தவர்கள் அந்த முடிவை அப்படியே ஏற்கவில்லை. கார்ட்னர் இங்கிலாந்து திரும்பி, விக்கா என்ற நவீன மாந்திரீக மதத்தைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். ஜொகூர் ஆற்றுச் சேற்றில் மணி பொறுக்கியவர் அங்கே போய் மந்திரவாதிகளின் குரு ஆனார் என்று நம் காப்பிக்கடையில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மணியை விட்டுவிடலாம். தென்தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக்பாட் என்ற இடத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. பொற்கொல்லர் பொன்னை உரசிப் பார்க்கும் கல். அதன்மேல் தமிழில், 3ஆம் 4ஆம் நூற்றாண்டு எழுத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டானுக்குத் தன் கருவி தொலைந்துவிடக் கூடாதே என்ற கவலை. அந்த ஊரிலேயே ரோமானியப் பாணி முத்திரைக் கற்களும் கிடைத்திருக்கின்றன. கிரேக்க, ரோமானிய உலகத்துச் சரக்கும் தமிழ்த் தட்டானும் ஒரே சந்தையில் இருந்ததற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சாட்சி இல்லை. மெர்போக் அந்தக் கடற்கரையின் தெற்குத் தொடர்ச்சி.

புக்கிட் பத்து பாகாட்டில் ஒரு காலை

பூஜாங் பள்ளத்தாக்கு என்று சொல்லும் நிலப்பகுதி வடக்கே குனோங் ஜெராய்க்கும் தெற்கே மூடா ஆற்றுக்கும் இடையில் பரந்து கிடக்கிறது. ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். சுற்றிலும் வயலும் செம்பனையும் சதுப்பும் என்பதால் மலை தனியாக எழுந்து நிற்கும். வங்கக் கடலைக் கடந்துவரும் கப்பலுக்கு முதலில் தெரிவது அதுதான். மாலுமிக்கு வேறு கலங்கரை விளக்கம் வேண்டாம். மெர்போக் ஆற்று முகத்துக்குள் நுழைந்து, சரக்கை இறக்கி, காற்று திசை மாறும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் கும்பிடுவதற்கு இடம் வேண்டுமே. சிலர் புத்தருக்குக் கட்டினார்கள், சிலர் சிவனுக்குக் கட்டினார்கள்.

இப்படி எஞ்சியவற்றை மலாயில் சண்டி என்பார்கள். 1936, 37 ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் தம் மனைவி டோரத்தியோடு இங்கே காட்டை வெட்டித் தோண்டி, ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்தார். 8ஆம் எண் சண்டி புக்கிட் பத்து பாகாட். 1959இல் அலஸ்டர் லேம்ப் அதை முழுமையாகத் தோண்டி, சிதறிக் கிடந்த கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார். அருங்காட்சியகம் அதன் காலடியில்தான் இருக்கிறது. வேறு சில சண்டிகளையும் அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்து வந்து அதே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஏறினால் ஓடைச் சத்தம் கூடவே வரும். படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கோவில் வந்துவிடும். முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். தஞ்சாவூரை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கட்டாயம் ஏமாற்றம். கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்று தோன்றும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கட்டடம் மெல்லப் பிடிபடும். முன்னால் நீளமான மேடை, அது மண்டபம். அதன்மேல் வரிசையாகத் தூணைத் தாங்கிய கல் பீடங்கள். பின்னால் சதுரமாகக் கருவறை, சுற்றி வர இடம். தூண் மரத்தால் ஆனது, கூரையும் மரமோ ஓலையோ. மழைநாட்டில் அவை நின்றிருக்க வழியில்லை. கருங்கல் மட்டும் தங்கிவிட்டது. நம் ஊரில் எந்தத் தோட்டத்துக் கோவிலையும் தகரக்கூரையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், தரைப்படம் ஏறக்குறைய இதுதான்.

கருங்கற்கள் ஆற்றங்கரை உருண்டைக்கற்கள்போல ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் உளி பட்ட முரடு. விளிம்பைக் கையால் தடவினால் உளியின் சாய்வு தெரியும். தடவக் கூடாது என்று அறிவிப்பு இருந்தால் கண்ணால் தடவிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது அருங்காட்சியகத்தின் உள்ளே இருக்கிறது. கோவிலின் அடியில் புதைத்து வைத்திருந்த கருங்கல் பேழைகள். உள்ளே குழிகள் குடைந்து, செம்புக் கலயமும் பொன் வெள்ளித் துண்டுகளும் மணிகளும் வைத்து மூடியிருக்கிறார்கள். நம் ஆகமங்கள் கர்ப்பநியாசம் என்று சொல்வது இதைத்தான். கட்டடம் எழும்பும் முன்னால் பூமிக்குள் ஒரு விதையை வைப்பதுபோல ஒரு சடங்கு. நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் அந்தக் குழிகளைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள். ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு கல்.

அங்கே எதிர்ப்பட்ட உள்ளூர்ப் பெரியவரிடம், "பாக் சிக், தமிழர்கள் நிறைய வருகிறார்களா?" என்று மலாயில் கேட்டேன். "பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வருவார்கள். மற்றவர்கள் தைப்பூசத்துக்கு சுங்கைப்பட்டாணி போவார்கள்" என்றார்.

கடாரமும் வாட்ஸ்அப்பும்

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் நகர முடியாது. ராஜேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, வென்றது அவனது மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. அது போதாதென்று, பூஜாங் பள்ளத்தாக்கின் கோவில்கள் அத்தனையும் சோழன் கட்டியவை என்று ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒரு செய்தி நம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சரியில்லை. ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே ஊர் இருந்தது, துறைமுகம் இருந்தது, கோவில் இருந்தது. புத்தகுப்தன் என்ற மாலுமியின் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை 1834இல் ஜேம்ஸ் லோ பக்கத்துச் செபராங் பிறையில் கண்டுபிடித்தார். அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் துறவி இ-சிங் 671இல் புறப்பட்டு கெடா வழியாகத்தான் இந்தியா போனார். பட்டினப்பாலையின் காழகம் கடாரம்தான் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கொள்கிறார்.

போக்குவரத்து இரு வழியும் நடந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. வென்ற கதையைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்குச் சுவையாக இருக்கிறது. படை ஒரு பருவம் வந்து போனது. வணிகர்கள் ஆயிரம் ஆண்டு வந்துகொண்டே இருந்தார்கள்.

இரும்புக்கு இன்னொரு கதை. மெர்போக் போகும் வழியில், செமலிங் அருகே, சாலையை ஒட்டியே சுங்கை பத்து இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 2009 முதல் அங்கே தோண்டி வருகிறது. இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதும் சுடுமண் குழாய்கள் ஆயிரக்கணக்கில், செங்கல்லால் கட்டிய படகுத்துறை, வட்ட மேடைமேல் சதுரமாக ஒரு சடங்குக் கட்டடம். காலம் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம். அந்த மேடைக்குக் கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டைச் சொல்கிறார்கள், உலைகளில் சில அதற்கும் மிக முந்தையவை என்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இரும்பு புதிதில்லை. ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானியக் கம்பெனி சுரங்கம் வெட்டி இரும்புத்தாதுவைக் கப்பல் கப்பலாக அனுப்பியது பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சுங்கை பத்துவின் கசடுக் குவியலைப் பார்த்தால் நின்று பேசுவார்கள்.

இடித்தது

2013 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை வீடமைப்பு நிறுவனம் ஒன்று இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டது. நிலம் தனியாருடையது, சண்டி அரசிதழில் பதிவாகவில்லை, அங்கே சண்டி இருந்ததே தெரியாது என்று ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அந்த வாரம் நாடாளுமன்றத்திலிருந்து நாளிதழ் வரை கொதித்தது. அடுத்த மாதம் ஆறியது.

ஏதென்சில் மெட்ரோ ரயில் தோண்டியபோது பல்லாயிரக்கணக்கான பழம்பொருட்கள் கிடைத்தன. சின்டக்மா நிலையத்தில் மண் அடுக்குகளை அப்படியே கண்ணாடிக்குப் பின்னால் காட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் தினமும் ஒரு கல்லறையையும் நீர்க்குழாயையும் தாண்டிப் போகிறான். தெசலோனிகி நகரத்தில் 2006இல் தொடங்கிய மெட்ரோ 2024 நவம்பரில்தான் ஓடியது. தோண்டுமிடமெல்லாம் ஏதாவது வெளிப்பட்டதும் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அந்நகரத்து மக்கள் அந்த ரயிலைத் திட்டித் தீர்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் யாரும் இயந்திரத்தை விட்டு இடிக்கவில்லை.

வித்தியாசம் சட்டத்தில் மட்டும் இல்லை. தேசியப் பாரம்பரியச் சட்டம் நமக்கும் 2005 முதல் இருக்கிறது. 11ஆம் எண் சண்டிக்குப் பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஏதோ ஒரு கூட்டம் கூடியிருந்தால், பிள்ளைகள் ஆடியிருந்தால், பக்கத்து ஊர்க்காரன் பலகாரக் கடை போட்டிருந்தால், லோரி உள்ளே நுழையும்போது நாலு பேர் குறுக்கே வந்து நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

திருவிழா ஒரு பக்கம், கல் ஒரு பக்கம்

வடக்கில் திருவிழாவுக்குப் பஞ்சமில்லை. சுங்கைப்பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணியர் கோவில் தைப்பூசத்துக்கு வடமாநிலமே திரளும். பினாங்கில் வெள்ளி ரதம் பினாங்கு வீதியின் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைபடும். உடைப்பவர்களில் சீனர்கள் பாதிக்குக் குறையாமல் இருப்பார்கள். வாளியும் துடைப்பமுமாகச் சிதறிய தேங்காயை ஒதுக்கும் வேலையை நம் இளைஞர்கள் பார்ப்பார்கள். தண்ணீர்ப் பந்தல்களில் போட்டி போட்டுப் பாட்டு ஒலிக்கும். மலையேறும் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளில் காவடி ஊர்ந்து ஏறும். இவ்வளவும் மெர்போக்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு, கொஞ்சம் கூடக் குறைய. நம் ஊர் வாடகை வேன் காவடி முடிந்ததும் நேராகத் தெற்கே திரும்பிவிடும்.

கல்லும் கூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதையும் வடக்கில்தான் பார்த்தேன். அது ஒரு தேவாலயத்தில். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் செரோக் தொக்குன் பாறை இருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் எழுந்த கருங்கல் பாறை, அதன்மேல் பல்லவ எழுத்தில் வடமொழி வரிகள். இதையும் ஜேம்ஸ் லோதான் 1845இல் பதிவு செய்தார். எழுத்துகள் தேய்ந்துவிட்டன. சாய்வெயில் நேரத்தில் நின்றால் சில கோடுகள் மேலெழும், நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது. ஜூலைக் கடைசியில் புனித அன்னாள் திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் கூட்டம் வரும். தமிழ், சீனம், மலாய், ஆங்கிலத்தில் பூசை நடக்கும். மெழுகுவத்தியோடு பவனி போகும். ஊதுவத்தி, மாலை, முடி காணிக்கை என்று நம் பழக்கமெல்லாம் உள்ளே நுழைந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்ட ஒரு பாட்டி அந்தப் பாறையைத் தாண்டி நடக்கும்போது, ஒரு கை மெழுகுவத்தியைப் பிடித்திருக்க, மறுகையால் பாறையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுதியவன் யார், எந்தச் சமயம் என்று அவர் கேட்கவில்லை.

மெர்போக்கிலும் பூசை தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சண்டியில் மணியடித்துப் பூசை வைத்தால் ஒரே மாதத்தில் அது அரசியல் ஆகிவிடும். கல்லும் எண்ணெய்ப் பிசுக்கில் நாசமாகும். ஜாவாவின் பிராம்பனான் கோவிலைப் பாருங்கள். 1961 முதல் அந்தக் கோபுரங்களைப் பின்திரையாக வைத்து ராமாயண நாட்டியம் நடத்துகிறார்கள். ஆடுபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மாமல்லபுரத்தில் மார்கழி, தை மாதங்களில் நாட்டிய விழா நடக்கிறது. கெடாவுக்குத் தனக்கென்று வாயாங் கூலிட் கெடெக் என்ற நிழற்கூத்து இருக்கிறது. அதன் பழைய கதைக் கையிருப்பில் ராமன் கதையும் ஒன்று. ஜெராய் மலை பின்னால் நிற்க, அருங்காட்சியகப் புல்வெளியில் ஒரு நாள் இரவு அந்த நிழற்கூத்தும், ஒரு பரதமும், ஒரு வில்லுப்பாட்டும் நடக்கட்டும். சண்டியின் கல்லில் யாரும் ஏற வேண்டாம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மாநில அரசும் பாரம்பரியத் துறையும் உள்ளூர்க் கோவில் குழுக்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். எபிடாரஸிலும் 1938இல் ஒரே ஒரு நாடகத்தோடுதான் ஆரம்பித்தார்கள்.

போகிறவர்களுக்கு

தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை. ஒட்டி ஒரு நாள் விடுப்பு எடுத்தால் வடக்கே போய்வரத் தோதாக இருக்கும். காரில் போனால் அதிகாலையில் யோங் பெங் சாவடியில் ஏறி, ஈப்போவில் பசியாறி, பிற்பகலில் சுங்கைப்பட்டாணி சேரலாம். காரோட்ட விருப்பமில்லாதவர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயில் சுங்கைப்பட்டாணியில் நிற்கிறது. அங்கிருந்து வாடகைக் கார் எடுத்தால் முதலில் சுங்கை பத்து, அடுத்து மெர்போக் அருங்காட்சியகம் என்று ஒரே சாலையில் இரண்டையும் முடித்துவிடலாம். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. நம் ஜொகூர் 2025 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் இந்தக் கணக்கை மறந்து போய் வெள்ளிக்கிழமை நண்பகலில் பூட்டிய கதவு முன்னால் நிற்க வேண்டாம்.

மழைக்குப் பிறகு படி வழுக்கும், அதனால் பிடிமானமுள்ள சப்பாத்து. ஓடைப்பக்கம் கொசு உண்டு. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். பாட்டி தாத்தாவை அழைத்துப் போனால் மேலே உள்ள சண்டிக்கு முன்பே அருங்காட்சியகத்தின் உள்ளே பேழைகளைக் காட்டிவிடுங்கள், கால் வலித்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். புக்கிட் மெர்தாஜாம் பாறையையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்குத் தைப்பூசத்தைவிட ஜூலைக் கடைசி நல்லது. திருவிழா நாட்களில் தங்கும் விடுதிகள் நிறைந்துவிடும். இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.